வார்டு எல்லை மாறும்போது: ஊர்க்காரர் செய்ய வேண்டியவை

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தைத் தாண்டி மேலூர் சாலையில் போனால் உத்தங்குடி வரும். அடுத்து உயர் நீதிமன்றக் கிளையின் நீண்ட மதில். அதற்கப்பால் யானைமலை அடியில் ஒத்தக்கடை. சாலையோரக் கடைகள் விட்டுப்போகாமல் தொடர்கின்றன, ஆட்சி மட்டும் நடுவழியில் மாறிவிடுகிறது. 2011இல் மதுரை மாநகராட்சி விரிந்தபோது உத்தங்குடி உள்ளே போனது, யா. ஒத்தக்கடை மதுரை கிழக்கு ஒன்றியத்தின் ஊராட்சியாக வெளியே நின்றது. குப்பை அள்ள ஆள் வரவில்லை என்றால் உத்தங்குடிக்காரர் மாநகராட்சிக் கவுன்சிலரைத் தேடுவார். ஒத்தக்கடைக்காரர் ஊராட்சித் தலைவரைத் தேடுவார். தலைவரின் பதவிக்காலம் முடிந்துபோயிருந்தால் தனி அலுவலரை.

ஓட்டுப் போடுவதிலும் இந்த வேறுபாடு உண்டு. மாநகராட்சிவாசிக்கு உள்ளாட்சித் தேர்தலில் ஒரே வாக்கு, அது வார்டு கவுன்சிலருக்கு. 2011இல் மேயரையும் அவர் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார். 2022இல் அந்த வேலை கவுன்சிலர்களிடம் போய்விட்டது. ஊராட்சிவாசிக்கு நான்கு சீட்டுகள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒத்தக்கடையில் குடியிருப்பவர் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான்கு எல்லைகளுக்குள் நிற்கிறார். ஊராட்சியின் எல்லையை விட்டுவிட்டால், மற்ற மூன்றையும் மறுவரையறையில் மாற்ற முடியும். ஊராட்சி எல்லையையும் அரசு நினைத்தால் மாற்றலாம்.

இந்தக் கோடுகளைப் போடுவது யார், எந்தக் கணக்கை வைத்துப் போடுகிறார்கள், அதில் பிழை இருந்தால் எங்கே, எப்போது, எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. “எந்த மொழியில்” என்பது எண்களின் மொழியைத்தான். மறுவரையறை நடக்கும் காலத்தில் மனுக்கள் மலையாகக் குவியும். வருத்தத்தை மட்டும் சொல்லும் மனுக்கள் அந்தக் குவியலில் காணாமல் போகும். இந்தத் தெருவை இந்த வார்டிலிருந்து எடுத்து அந்த வார்டில் சேர்த்தால் இரண்டு வார்டுகளின் மக்கள்தொகையும் இவ்வளவு ஆகும் என்று சொல்லும் மனுவுக்கு மட்டுமே அதிகாரி பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 2025 முழுவதும் தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்டது நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை. மாநிலங்களுக்கு இடையே நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடுவது 1976இன் 42ஆவது திருத்தத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. 2001இன் 84ஆவது திருத்தம் அந்தத் தடையை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. உள்ளாட்சி வார்டுகளுக்கு அப்படிப்பட்ட தடை ஏதும் கிடையாது. 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தமும், அதற்குச் சில வாரங்கள் முன்னால் வந்த 73ஆவது திருத்தமும் அந்த வேலையை மாநிலங்களிடம் விட்டுவிட்டன. டெல்லியைப் பற்றிய சண்டையில் ஒத்தக்கடையின் நான்காவது வார்டை மறந்துவிடுவது எளிது. தெருவிளக்கு எரிவது என்னவோ நான்காவது வார்டில்தான்.

யார் கையில் என்ன

வேலை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. ஆட்சேபணைகள் வீணாவதற்குத் தவறான கதவைத் தட்டுவதே பெரும்பாலும் காரணம்.

ஊராட்சியை மாநகராட்சியில் இணைப்பதும், உள்ளாட்சியின் வெளி எல்லையை நிர்ணயிப்பதும் மாநில அரசின் வேலை, அது அரசாணையாக வரும். உள்ளே வார்டுகளைப் பிரிப்பது மறுவரையறை ஆணையத்தின் வேலை. இதற்கென்றே தமிழ்நாடு மறுவரையறை ஆணையச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டது. ஆணையத்துக்கு மாநிலத் தேர்தல் ஆணையரே தலைவர். நகராட்சி நிர்வாகம், ஊரக வளர்ச்சி போன்ற துறைகளின் உயர் அதிகாரிகள் உறுப்பினர்கள். தேர்தலை நடத்துவதும் வாக்காளர் பட்டியலை வார்டுவாரியாகப் பிரிப்பதும் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. எந்த வார்டு பெண்களுக்கு, எது பட்டியல் சாதியினருக்கு என்ற ஒதுக்கீடு அறிவிக்கை தனியாக வரும்.

ஆகவே, “எங்கள் ஊரை மாநகராட்சியில் சேர்க்காதீர்கள்” என்று மறுவரையறை ஆணையத்தின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முழங்குவதால் பயனில்லை. அந்த அறையில் இருப்பவர்களுக்கு அந்த அதிகாரமே இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் 16 மாநகராட்சிகளின் எல்லைக்குள் 149 ஊராட்சிகளைக் கொண்டுவரும் உத்தேசத்தைத் தமிழக அரசு அறிவித்தபோது பல ஊர்களில் மறியல் நடந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும், கிராம சபை இருக்காது என்பவை மக்கள் சொன்ன காரணங்கள். மூன்றும் நியாயமான கவலைகள். அவற்றை எழுத வேண்டிய முகவரி நகராட்சி நிர்வாகத் துறை. எழுத வேண்டிய காலம், இணைப்பு உத்தேசத்துக்குக் கருத்துக் கேட்டு விடும் அறிவிக்கையின் கெடு. கிராம சபைத் தீர்மானம் கையில் இருந்தால் அந்த மனுவுக்கு எடை கூடும். ஊர் உள்ளே போன பிறகு கிராம சபை என்ற மேடையே இருக்காது. அதன் இடத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் வரும். தமிழகத்தின் நகரங்களில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நடந்தன.

எந்தக் கணக்கு

அரசியல் சாசனத்தின் 243பி பிரிவு “மக்கள்தொகை” என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறது: கடைசியாக நடந்து, எண்ணிக்கைகள் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பில் கண்ட மக்கள்தொகை. வெளியிடப்பட்ட என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. புதிய கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16இல் வந்தது. அதன்படி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் வீட்டுப் பட்டியல், 2027 பிப்ரவரியில் தலைக்கணக்கு. மார்ச் 1 நள்ளிரவு 12 மணிக்கு யார் எங்கே இருந்தார்கள் என்பதே கணக்கு. எண்களைச் சரிபார்த்து வெளியிட அதன்பின் காலம் பிடிக்கும்.

இதோடு இன்னொரு தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவு நடந்தது. மார்ச் 2இல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஐந்தாண்டு முடிவது 2027 மார்ச் தொடக்கத்தில். கணக்கெடுப்பின் நள்ளிரவும் மன்றத்தின் கடைசி நாளும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. புதிய எண்கள் வெளியாகும் முன் நடக்கும் எந்தத் தேர்தலும் 2011இன் தலைக்கணக்கில்தான் நிற்க முடியும்.

2011இன் எண் எவ்வளவு பழசு என்பதை மதுரைக்காரர்களுக்கு 2025 நவம்பர் நினைவூட்டியது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை ஏறத்தாழ 32 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் திட்டத்தை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. அது காட்டிய காரணங்களில் ஒன்று, 20 லட்சம் மக்கள்தொகை என்ற வரம்பை மதுரை எட்டவில்லை என்பது. கையில் இருந்த எண் 2011இன் எண். நகரம் விரியும் முன்னிருந்த எல்லைக்கு அது 10,17,865. விரிந்த எல்லைக்கு அதே 2011 கணக்கில் ஏறத்தாழ 14.7 லட்சம் வருகிறது. ஒரே ஆண்டு, ஒரே ஊர், கோடு எங்கே போடப்பட்டது என்பதைப் பொறுத்து நாலரை லட்சம் பேர் வித்தியாசம். மெட்ரோவின் வடக்கு முனையாக வர வேண்டிய ஒத்தக்கடை இந்த இரண்டு எண்களுக்கும் வெளியே நிற்கிறது என்பது இந்தக் கதையின் வேடிக்கையான பகுதி.

கணக்கெடுப்பு நடக்கும் காலத்தில் எல்லைகளை மாற்றக் கூடாது என்பதும் விதி. ஊராட்சி, வட்டம், மாவட்டம் எதுவானாலும் 2025 டிசம்பர் 31க்குள் மாற்றங்களை முடித்துக்கொள்ளும்படி கணக்கெடுப்புத் தலைமைப் பதிவாளர் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். அந்த நாளில் எந்த வடிவில் ஊர் இருந்ததோ அந்த வடிவில்தான் அதன் தலைகள் எண்ணப்படும்.

இனி, எண்ணிக்கை எந்த அளவுக்கு நுணுக்கமாகக் கிடைக்கும்? கணக்கெடுப்புத் துறை வெளியிடும் அட்டவணையில் நகரங்களுக்கு வார்டுக்கு ஒரு வரி உண்டு: மொத்த மக்கள், ஆண், பெண், ஆறு வயது வரையான குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிவு பெற்றோர். ஊராட்சிப் பகுதியில் கிராமத்துக்கு ஒரு வரிதான். அதற்குக் கீழே கணக்கெடுப்பாளர் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரங்கள் இருக்கின்றன. வார்டைப் பிரிப்பவர்கள் அந்த வட்டாரங்களை அடுக்கித்தான் வார்டாக்குகிறார்கள். வட்டார வாரியான பட்டியல் எல்லோர் கையிலும் கிடைப்பதில்லை. அதைக் கேட்டு வாங்குவதுதான் இந்த வேலையின் பாதி.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதிலுக்கு 30 நாள் அவகாசம். வரைவு வெளியானபின் ஆட்சேபணைக்குக் கிடைக்கும் காலம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 2017 கடைசியில் தமிழகம் முழுவதற்குமான வார்டு வரைவுகள் வெளியானபோது முதலில் சில நாட்களே கொடுத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் 2018 ஜனவரி நடுப்பகுதி வரை நீட்டித்தார்கள். புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் இடையே ஒரு மாநிலமே தன் வார்டு எல்லையைப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. வரைவு வந்தபின் தகவல் கேட்டால் பதில் வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். ஆகவே 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த மனுவை இப்போதே போட வேண்டும்: நடைமுறையில் உள்ள வார்டுகளின் வட்டாரப் பட்டியல், ஒவ்வொன்றின் மக்கள்தொகை, அதில் பட்டியல் சாதியினர் எண்ணிக்கை, வார்டு வரைபடம். ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு, மாநகராட்சி என்றால் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு.

வரைவைப் படிக்கும் முறை

வரைவு பெரும்பாலும் நான்கு திசைகளில் எழுதப்பட்டிருக்கும்: வடக்கே இந்தக் கண்மாய்க் கரை, கிழக்கே இந்தச் சாலை, தெற்கே இந்த வாய்க்கால், மேற்கே இந்தத் தெரு. அதன் கீழே உள்ளடங்கிய தெருக்களின் பட்டியல். படிக்கும்போது அந்தப் பட்டியலில்தான் விரலை வைக்க வேண்டும்.

மூன்று வகைப் பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு தெரு இரண்டு வார்டுகளில் இருக்கும். ஒரு தெரு எதிலுமே இருக்காது. 2011க்குப் பிறகு மனை போட்டு எழும்பிய நகர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், மேலூர் சாலையின் இருபுறமும் அப்படிப்பட்டவை ஏராளம். மூன்றாவது, ஒரே பெயர். காந்தி நகரும் அண்ணா நகரும் பாரதியார் தெருவும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும் ஊர்களும் நிறைய. ஊராட்சி மாநகராட்சியோடு சேரும்போது ஊராட்சியின் காந்தி நகரும் மாநகராட்சியின் காந்தி நகரும் ஒரே பட்டியலில் மோதிக்கொள்ளும். கதவு எண் அல்லது புல எண் இல்லாமல் தெருப்பெயரை மட்டும் எழுதிய ஆட்சேபணை இந்த மோதலைக் கூட்டவே செய்யும்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையை நடந்தே பார்த்துவிட வேண்டும். காகிதத்தில் நேராக இருக்கும் கோடு தரையில் நான்குவழிச் சாலையைக் குறுக்கே வெட்டிப் போகலாம். வாக்குச்சாவடி சாலைக்கு அந்தப் பக்கம் அமைந்தால் முதியவர்கள் லாரிகளுக்கு நடுவே கடந்து போய் வாக்களிக்க வேண்டியிருக்கும். மதுரையில் வைகையும் ரயில் பாதையும், சுற்றுவட்டாரச் சமவெளியில் கண்மாய்களும் அவற்றின் வாய்க்கால்களும் இயற்கையான எல்லைகள். அவற்றைத் தாண்டிப் போகும் வார்டுக்கு வரைந்தவர் விளக்கம் சொல்ல வேண்டும்.

அடுத்தது எண்கள். சராசரியைக் கண்டுபிடிப்பது சுலபம்: மொத்த மக்கள்தொகையை வார்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மதுரை மாநகராட்சிக்கு 14.7 லட்சத்தை நூறால் வகுத்தால் வார்டுக்கு 14,700. ஒன்றியக் கவுன்சிலர் வார்டு என்றால் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலர் வார்டு 50,000 பேருக்கு ஒன்று என்பது 1994 ஊராட்சிகள் சட்டத்தின் அளவு. ஊராட்சி வார்டுகள் அதிகபட்சம் 15.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரைவில் ஒரு வார்டுக்கு 18,200 பேர், பக்கத்து வார்டுக்கு 11,400 பேர். முதலாவது சராசரியைவிட 24 சதவீதம் மேலே, இரண்டாவது 22 சதவீதம் கீழே. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர்தான். அப்படியானால் பக்கத்து வார்டில் ஒருவரின் வாக்குக்கு இங்கே இருப்பவரின் வாக்கைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் மதிப்பு. இரண்டு வார்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் 3,300 பேர் கொண்ட வட்டாரங்களைப் பெரிய வார்டிலிருந்து சிறியதற்கு மாற்றினால் 14,900ம் 14,700ம் ஆகிவிடும். ஆட்சேபணை மனுவின் நடுப்பகுதி இந்த ஒரு பத்திதான். மற்றதெல்லாம் முகவரியும் கையெழுத்தும்.

இப்படிப் போடும் கணக்கில் வாக்காளர் பட்டியலை எடுத்துவைத்துக்கொள்வது பரவலான தவறு. வார்டு பிரிப்பது மக்கள்தொகையின்படி. குழந்தைகளும், வாக்குரிமை வேறு ஊரில் உள்ளவர்களும் அதில் அடக்கம். ஒத்தக்கடையில் இது வெறும் சட்ட நுணுக்கமாக நின்றுவிடாது. 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி அங்கே இருக்கிறது. விடுதியில் தங்கியிருக்கும் மாணவர்களைக் கணக்கெடுப்பு விடுதியிலேயே எண்ணும். அவர்களில் பெரும்பாலோரின் வாக்கு சொந்த ஊரில் இருக்கும். ஒரு பெரிய விடுதியை உள்ளடக்கிய வார்டில் தலைகள் நிறைய, வாக்காளர்கள் குறைவு. அதைக் குறை என்று சொல்ல முடியாது, சட்டம் அப்படித்தான். ஆனால் தெரிந்திருந்தால் எண்கள் ஏன் பொருந்தவில்லை என்று குழம்ப வேண்டியதில்லை.

சமமாக இல்லாவிட்டால் என்ன மோசம் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மிட்லாண்ட் என்ற மாவட்டத்தின் கதை உண்டு. ஐந்து பேர் கொண்ட மன்றத்தில் நால்வருக்கு நான்கு பிரிவுகள். ஒன்றில் நகரம் ஏறத்தாழ முழுவதும் அடங்கி 67,906 பேர். மற்ற மூன்றில் 852, 828, 414. நகரத்துக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். ஒருவருக்கு ஒரு வாக்கு, அதன் மதிப்பும் சமம் என்ற நெறி உள்ளாட்சிக்கும் பொருந்தும் என்று 1968இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அக்கரையில் இலங்கை வேறொரு வழி பிடித்தது. 2018 பிப்ரவரி உள்ளாட்சித் தேர்தலுக்காக நாடு முழுவதும் வார்டுகளைப் புதிதாக வரைந்தபோது, இரண்டு சமூகங்கள் கலந்து வாழும் சில இடங்களில் கோட்டால் அவர்களைப் பிரிக்காமல் ஒரே வார்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொடுத்தார்கள். வார்டு முறையோடு விகிதாசாரமும் கலந்ததால் உறுப்பினர் எண்ணிக்கை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எட்டாயிரத்தைத் தாண்டியது. சபைகளில் நாற்காலி போட இடமில்லை என்ற புலம்பலும் உடனே கிளம்பியது.

ஒதுக்கீடு: கோட்டின் கூர்மையான முனை

தமிழகத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி. பட்டியல் சாதியினருக்கான வார்டுகள் அவர்களது பங்கு அதிகமுள்ள வார்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. எனவே ஒரு காலனியை நடுவில் வெட்டி இரண்டு வார்டுகளில் பாதிப் பாதியாகப் போட்டால் இரண்டிலுமே அந்தப் பங்கு கரைந்து, இரண்டுமே ஒதுக்கீட்டுக்குத் தகுதியான வரிசையில் கீழே போய்விடும். கோடு போட்டவர் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். தெருவை மட்டும்தான் வெட்டியிருப்பார்.

மதுரை மாவட்டத்தில் இதை எழுதும்போது பழைய பெயர்களைத் தாண்டிப் போக முடியாது. ஒத்தக்கடை வழியாகப் போகும் அதே சாலை மேலூருக்குப் போகிறது. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது தலைவராக வந்த முருகேசனும் உடனிருந்த ஆறு பேரும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டி பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஒதுக்கீட்டு ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடக்க முடியவில்லை, 2006இல்தான் நடந்தது. அவை ஊராட்சித் தலைவர் பதவிக்கான ஒதுக்கீடுகள். அந்தப் பதவிகளுக்கு அந்தக் காலத்தில் கத்தியோடு வந்த எதிர்ப்பு, வார்டு வரைவில் பென்சிலோடு வர முடியும். ஆகவே வரைவு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பட்டியல் சாதிக் குடியிருப்புகள் முழுசாக இருக்கின்றனவா என்பதைத்தான்.

இதற்கு நேரெதிரான தந்திரமும் உண்டு: ஊரிலுள்ள எல்லாக் காலனிகளையும் ஒரே வார்டுக்குள் திணித்துவிடுவது. அந்த ஒரு வார்டு நிச்சயம் ஒதுக்கப்படும், மற்ற வார்டுகளில் அவர்கள் குரல் கேட்காது. எது எங்கே நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வார்டுவாரியான பட்டியல் சாதி எண்ணிக்கை இல்லாமல் முடியாது. வரைவோடு அந்த அட்டவணை இல்லையென்றால், அது இல்லை என்பதையே முதல் ஆட்சேபணையாக எழுதலாம்.

மனு எழுதுவது

நல்ல ஆட்சேபணை ஒரு பக்கத்தைத் தாண்டாது. மனுதாரரின் பெயர், கதவு எண்ணோடு முகவரி, இப்போதைய வார்டு எண், வரைவில் உள்ள வார்டு எண். எந்த எல்லை தவறு. எந்த வட்டாரம் அல்லது தெரு எங்கே மாற வேண்டும். மாறினால் இரண்டு பக்கமும் மக்கள்தொகை எவ்வளவு. கையால் வரைந்த படம் ஒன்று. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. மூன்று கோரிக்கை இருந்தால் மூன்று மனு. பத்து பேர் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவதை விட, எதிர்த்தரப்பு வார்டில் இருப்பவர்கள் இருவர் “எங்களுக்கும் சம்மதம்” என்று தனியாக எழுதித் தருவது வலுவானது. தெருவை இழக்கும் வார்டும் பெறும் வார்டும் ஒப்புக்கொண்ட மாற்றத்தை மறுக்க அதிகாரிக்குக் காரணம் கிடைப்பது கஷ்டம்.

எழுதக் கூடாதவையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்த வார்டில்தான் இருந்தோம் என்பது வாதமாகாது. மறுவரையறை என்பதே அதை மாற்றத்தான். நடப்புக் கவுன்சிலரின் வாக்கு வங்கி சிதறுகிறது என்பது உண்மையாக இருக்கலாம், எழுத்தில் வந்தால் மனுவைக் கெடுத்துவிடும். கட்சிக்காரர்கள் அச்சடித்துக் கொடுக்கும் ஒரே மாதிரி மனுக்களை நூறாகக் கொடுத்தாலும் ஒன்றாகவே எண்ணுவார்கள்.

மனுவை விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்பலாம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தால் போக வேண்டும். அங்கே பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். முன்வரிசைகளைக் கட்சி நிர்வாகிகள் பிடித்திருப்பார்கள். எழுதிக் கொடுத்ததையே சுருக்கிச் சொல்லி, முத்திரை போட்ட நகலைக் காட்டிவிட்டு இறங்கினால் போதும்.

நீதிமன்றம் எவ்வளவு தூரம்

ஒத்தக்கடைக்காரருக்கு உயர் நீதிமன்றம் நடந்து போகும் தூரம். மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் அங்கேதான் இயங்குகிறது. ஆனால் மறுவரையறை வழக்குகளுக்கு அந்த வாசல் குறுகலானது. நகராட்சிகளுக்கு 243இசட்ஜி பிரிவும் ஊராட்சிகளுக்கு 243ஓ பிரிவும், மறுவரையறைச் சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கின்றன. அப்படியும், வெளிப்படையான தான்தோன்றித்தனமோ அரசியல் சாசன மீறலோ இருந்தால் தலையிடலாம் என்று 2024இல் குஜராத்தின் பர்தோலி தொகுதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்தல் அறிவிக்கை வந்த பிறகு போகும் வழக்குகள் பெரும்பாலும் நிற்பதில்லை. ஆட்சேபணையே கொடுக்காமல் நேராக நீதிமன்றம் போனவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

நீதிமன்றத் தலையீட்டுக்கு ஒரு விலையும் இருக்கிறது, தமிழகம் அதைக் கொடுத்தும் பார்த்துவிட்டது. 2016 அக்டோபர் 4இல் சென்னை உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது; அந்த வழக்கின் மையம் இட ஒதுக்கீடு. அந்த மாதமே மன்றங்களின் காலம் முடிந்தது. பிறகு மறுவரையறை, வழக்குகள், புதிய மாவட்டங்கள். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிய மாவட்டங்கள் பிரிந்த பகுதியில் மறுவரையறை முடியும் வரை ஒன்பது மாவட்டங்களை நிறுத்திவிட்டு மற்ற 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தலை நடத்தச் சொன்னது. மதுரை அந்த 27இல் ஒன்று. நகரங்களுக்கு 2022 வரை தேர்தல் வரவில்லை. மதுரை மாநகராட்சி ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் கவுன்சிலர் இல்லாமல் அதிகாரிகள் கையில் ஓடியது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, அவையும் தனி அலுவலர்களிடம் போயின.

எல்லை சரியில்லை என்பதற்காகத் தேர்தலே தள்ளிப்போவதை எந்த ஊரும் விரும்பக் கூடாது. தவறான கோட்டோடு வரும் கவுன்சிலரையாவது தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். தனி அலுவலரைப் பார்க்க அலுவலக நேரம் பார்த்துப் போக வேண்டும். பிழையைத் திருத்தும் இடம் ஆட்சேபணைக் காலம்தான், அதற்கு முன் தயாராவதே வழி.

அந்தத் தயாரிப்பு கணக்கெடுப்பிலிருந்தே தொடங்குகிறது. கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும்போது தெருவின் சரியான பெயரைச் சொல்லுங்கள், வீட்டில் வழக்கமாகத் தங்குவோர் அனைவரையும், கைக்குழந்தை உட்பட, எழுதச் சொல்லுங்கள். புதிதாக எழும்பிய நகராக இருந்தால், எல்லா வீட்டுக்கும் ஆள் வந்தாரா என்று பக்கத்துத் தெருவிலும் விசாரியுங்கள். வராமல் விட்டிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அன்றே எழுதுங்கள். எண்ணப்படாத வீட்டுக்காக அடுத்த கணக்கெடுப்பு வரை எந்த வார்டிலும் வாதாட முடியாது.